எழுபத்திரண்டு மணி நேரம்

ஆல்டன் தோட்டம்,
கோல சிலாங்கூர்.
3 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கண்மணி எழுதுவது. இங்கே நானும் மகன் தீபனும் சுகம். முட்டி வலி மட்டும் கூடவே இருக்கிறது. உங்களுக்குச் சர்க்கரை எப்படி? அந்த மாளிகையில் வேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க யாராவது இருக்கிறார்களா?

ஒரு வாரமாக உங்கள் கைப்பேசிக்கு அடித்துப் பார்த்தேன். செத்துக் கிடக்கிறது. மாளிகை நம்பருக்கு அடித்தால் ஒரு பெண் ஆங்கிலத்தில் என் பெயரை எழுத்துக் கூட்டச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். அதனால்தான் கடிதம்.

போன திங்கட்கிழமை காலை பள்ளிக் கேண்டீனில் மீ கோரெங் பிரட்டிக்கொண்டிருந்தேன். மாதவி டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "கண்மணிக்கா, உங்கக்கா லெவாராவுக்கே அதிபராயிட்டாங்க லா." அவர்கள் அந்தத் தீவு நாட்டில் சட்டம் சொல்லிக்கொடுக்கிறார்கள், அதிபர் வேறு ஆள் என்றேன். படத்தைக் காட்டினாள். வலது கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறீர்கள். தீபாவளிக்கு நான் அனுப்பிய நீலச் சேலை. ஃபால்ஸ்கூடத் தைக்கவில்லை. எனக்கு முதலில் அதுதான் கண்ணில் பட்டது.

மறுநாளே தோட்டத்துச் சிம்பாங் முச்சந்தியில் பேனர் கட்டிவிட்டார்கள். "ஆல்டன் தோட்டம் பெற்றெடுத்த அதிபரே, வாழ்க!" கட்சிக் கிளைத் தலைவர் விமலன் முகம் பரங்கிக்காய் அளவுக்கு இருக்கிறது, உங்கள் முகம் எலுமிச்சம்பழம் அளவுக்கு. விமலனிடமே கேட்டேன், "தோட்டம் எங்க பெத்துச்சு? எங்கம்மால்ல பெத்தாங்க?" என்று. சிரித்துவிட்டுப் போய்விட்டான். நீங்கள் இங்கே இருந்தவரை இந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் உங்கள் பெயர் தெரியாது.

தோட்டத்தைப் புதுக் கம்பெனி ஒன்று வாங்கியிருக்கிறது. வேறு விசேஷம் இல்லை.

புத்தகம் படிக்கிற நீங்கள் அந்த நாற்காலியில் எப்படி உட்கார்ந்தீர்கள்? எழுதுங்கள்.

உங்கள் தங்கை,
கண்மணி

---

அதிபர் மாளிகை,
லெவாரா.
18 மார்ச் 2025

அன்புள்ள கண்மணி,

உன் கடிதம் பன்னிரண்டு நாளில் வந்து சேர்ந்தது. இந்த மாளிகைக்கு வந்த காகிதங்களில் நான் இரண்டு தரம் படித்தது அதை மட்டும்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை. மாத்திரையை நானே போட்டுக்கொள்கிறேன். என் கைப்பேசியைப் பாதுகாப்புக்காரர்கள் வாங்கி வைத்துவிட்டார்கள். இங்குள்ள தொலைபேசியில் நான் பேசுவதெல்லாம் அரசு ஆவணமாம். கடிதத்தை மட்டும் இன்னும் யாரும் பிரிக்கவில்லை என்று நம்புகிறேன்.

எப்படி உட்கார்ந்தேன் என்று கேட்டாய். பழைய அதிபர் மீன்பிடிப் படகில் ஓடிப்போய் இரண்டு நாளாகியிருந்தது. நாடாளுமன்றத் தலைவர் சிறையில். மூன்று நீதிபதிகள் என் வீட்டுக்கு வந்தார்கள். நான் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். இந்த நாட்டு அரசியலமைப்பில் 61ஆம் விதி என்று ஒன்று உண்டு. இரண்டு பதவியும் ஒரே நேரத்தில் காலியானால், கட்சி சாராத ஒருவர் நூற்றெண்பது நாள் பொறுப்பேற்றுத் தேர்தல் நடத்திக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த விதிக்கு விளக்கவுரை எழுதியவள் நான். பதவி ஆசை இல்லாத சட்ட அறிஞர் ஒருவரே பொருத்தம் என்று இருபது வருடத்துக்கு முன்னால் எழுதி வைத்திருந்தேன். தலைமை நீதிபதி அந்தப் பக்கத்தைத் திறந்து என் எதிரிலேயே படித்தார். வேறு யாரையோ மனதில் வைத்து எழுதினேன் என்றேன். எல்லோருமே அப்படித்தான் எழுதுகிறார்கள் என்றார்.

முப்பது வருடமாக இந்த நாட்டுக் குடிமகள் நான். என் கணவரை இந்த மண்ணில்தான் புதைத்தேன். இருந்தும் ஒரு பத்திரிகை முதல் நாளே 'வந்தேறி அதிபர்' என்று எழுதிவிட்டது. ஆகஸ்ட் 22 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு வகுப்பறைக்குத் திரும்பிவிடுவேன்.

புதுக் கம்பெனி வாங்கியிருக்கிறது என்று ஒரே வரியில் நிறுத்திவிட்டாய். உனக்கு ஒரே வரியில் எழுதி முடிக்கிற வழக்கம் கிடையாதே. என்ன விஷயம்?

அன்புடன்,
அக்கா

---

ஆல்டன் தோட்டம்
4 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா,

நலம், நலமாக இருங்கள். கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன்.

லயத்து வரிசை வீடுகளில் மிச்சமிருக்கிற இருபத்து மூன்று குடும்பத்துக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. மே 31க்குள் காலி செய்ய வேண்டுமாம். கடைவீடுகள் கட்டப் போகிறார்களாம். நம் வீடும்தான், பதினாலாம் நம்பர். நீங்களும் நானும் பிறந்த வீடு.

ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது பழைய கம்பெனி ஆளுக்கொரு வீடு கட்டித் தருவதாக எழுத்தில் கொடுத்தது உங்களுக்குத் தெரியும். அந்த எழுத்து எங்களைக் கட்டுப்படுத்தாது, நிலத்தை மட்டும்தான் வாங்கினோம், வாக்கை வாங்கவில்லை என்கிறது புதுக் கம்பெனி. அவர்களுடைய வக்கீல் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆட்களை மேய்த்த பழைய மண்டோர் சன்னாசி அண்ணனுக்கு எழுபத்தெட்டு வயது. அவர் மனைவி படுத்த படுக்கை. "நாங்க எங்கய்யா போறது?" என்று கேட்டார். வாடகைக்கு நிறைய ஃபிளாட் இருக்கிறதே என்றார் வக்கீல். நாலாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அந்த அம்மாவை யார் சுமப்பது?

நோட்டீஸை எங்கே ஒட்டியிருக்கிறார்கள் தெரியுமா? உங்களை வாழ்த்திக் கட்டிய பேனரின் அதே கம்பத்தில். விமலனைக் கூப்பிட்டுக் காட்டினோம். "நல்ல ஆஃபர் லா, எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க" என்கிறான். பேனரை மட்டும் அவிழ்க்க மனசில்லை.

லயத்தில் எல்லோரும் கூடிப் பேசி என்னை எழுதச் சொன்னார்கள். உங்கள் முத்திரை போட்ட தாளில் எங்கள் அரசாங்கத்துக்கோ அந்தக் கம்பெனிக்கோ ஒரு கடிதம். நான் பிறந்த இடம், இந்த மக்களுக்கு நியாயம் செய்யுங்கள் என்று ஒரு வரி போதும். ஒரு நாட்டு அதிபர் எழுதினால் தூக்கிப் போட மாட்டார்கள்.

பதிலுக்குக் காத்திருக்கிறோம். எல்லோரும்.

கண்மணி

---

அதிபர் மாளிகை
22 ஏப்ரல் 2025

அன்புள்ள கண்மணி,

நீயும் தீபனும் நலமா? சன்னாசி அண்ணனை விசாரித்ததாகச் சொல்.

நீ கேட்டதை என்னால் செய்ய முடியாது. ஒரு நாட்டின் தலைவர் இன்னொரு நாட்டின் நில வழக்கில் கடிதம் எழுதக் கூடாது. எழுதினால் உங்கள் அரசாங்கம் அதைத் தலையீடு என்று சொல்லும், சொல்வது சரியாகவும் இருக்கும். இங்கே என்னை வந்தேறி என்பவர்கள் பிறந்த ஊருக்காகப் பதவியைப் பயன்படுத்தினாள் என்பார்கள், அதுவும் சரியாகவே இருக்கும். இந்த நாற்காலி என்னுடையது இல்லை, கண்மணி.

ஆனால் வழி இருக்கிறது. பழைய கம்பெனி கொடுத்த எழுத்தின் மூலப் பிரதியைக் கண்டுபிடியுங்கள். அந்தக் காலத்தில் தோட்டக் கணக்கெழுதிய கிராணி யாராவது உயிரோடு இருந்தால் சத்தியப் பிரமாணம் வாங்குங்கள். நிலத்தோடு வாக்கும் கைமாறும் என்று வாதிட இடமுண்டு. கிள்ளானில் நல்ல வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். நோட்டீஸ் நாள் முடியும் முன் நீதிமன்றத்தில் தடை கேட்க வேண்டும். பின்னால் கேட்டுப் பயனில்லை.

கோபப்படுவாய். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

அக்கா

---

ஆல்டன் தோட்டம்
8 மே 2025

அக்காவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தைச் சன்னாசி அண்ணன் வீட்டில் வைத்து எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முடித்ததும் அவர்தான், "அவங்க பெரிய எடத்துல இருக்காங்கம்மா, சங்கடப்படுத்தாத" என்றார். உங்களுக்காக அவர் கூனிக் குறுகியதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

1976இல் அப்பா ஒரு நாள் கூலி கேட்டு நின்றதற்கு வேலையை விட்டு நீக்கினார்கள். ஏழு நாளில் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மாவைத் திரும்ப வேலைக்கு எடுத்துப் பதினாலாம் நம்பரையே கொடுக்கும்வரை, முனியாண்டி கோயில் கொட்டகையில் எட்டு மாதம் கிடந்தோம். மழை வந்தால் அம்மா நம் இரண்டு பேரையும் பலிபீடத்துப் பக்கம் தள்ளிப் படுக்க வைப்பார். எனக்கு ஏழு வயது, உங்களுக்குப் பதிமூன்று. அப்பாவை நீக்கிய கடிதத்தை நீங்கள்தான் பத்திரமாக எடுத்துக்கொண்டு கடல் தாண்டிப் போனீர்கள். உங்கள் புத்தகத்தில் அது இருக்கிறது. 214ஆம் பக்கம், அடிக்குறிப்பு. "நல்லசாமி, பால்மரம் வெட்டுபவர், சிலாங்கூர்." மாதவி டீச்சரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டேன். எத்தனை நாட்டில் எத்தனை மேடையில் அதைப் படித்திருப்பீர்கள்! கைதட்டியிருப்பார்கள். செத்துப்போன அப்பாவுக்கு அடிக்குறிப்பு கொடுக்க முடிந்தது. உயிரோடு இருக்கிற இருபத்து மூன்று குடும்பத்துக்கு ஒரு வரி கொடுக்க முடியவில்லை.

நாற்காலி உங்களுடையது இல்லையாம். இந்த வீடும் எங்களுடையது இல்லை என்றுதான் கம்பெனிக்காரனும் சொல்கிறான்.

நீங்கள் சொன்ன மாதிரி ஒரு வழக்கறிஞரைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்களுக்காக இல்லை.

கண்மணி

---

மே/பா பள்ளிக் கேண்டீன்,
ஆல்டன் தோட்டத் தமிழ்ப்பள்ளி.
16 ஜூன் 2025

அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. பரவாயில்லை, செய்தியில் பார்த்துக்கொண்டேன்.

லெவாராவின் வடக்குத் தீவில் கரும்புத் தோட்டத்து ஆட்கள் கூலிக்காக நின்றார்களாம். குடியிருப்பை விட்டு வெளியேற மாட்டோம் என்று உட்கார்ந்தார்களாம். அவர்களை அப்புறப்படுத்த ராணுவத்துக்கு அதிகாரம் கொடுத்து இடைக்கால அதிபர் கையெழுத்துப் போட்டாராம். இரண்டு பேர் செத்துப் போனார்களாம்.

உங்கள் கையெழுத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினார்கள். எனக்கு நல்லாத் தெரியும் அந்தக் கையெழுத்து. என் பள்ளி ரிப்போர்ட் புத்தகத்தில் அம்மாவுக்குப் பதிலாக நீங்கள் போட்டுக் கொடுப்பீர்கள்.

ஒரே ஒரு கேள்வி. எங்களுக்கு எழுத மறுத்த அதே பேனாவா?

பதில் போட்டால் மேலே உள்ள முகவரிக்குப் போடுங்கள்.

கண்மணி

---

அதிபர் மாளிகை
1 ஜூலை 2025

கண்மணிக்கு,

உன் உடம்பைப் பற்றிக் கேட்க இப்போது எனக்குத் தகுதி இருக்கிறதா தெரியவில்லை. கேட்கிறேன். நன்றாக இருக்கிறாயா?

மே மாதக் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்து நான்கு முறை கிழித்தேன். ஐந்தாவது முறை எழுதுவதற்குள் இது நடந்துவிட்டது.

நடந்ததை உள்ளபடி சொல்கிறேன். துறைமுகத்திலிருந்து எரிபொருள் வரும் ஒரே சாலை அந்தக் கரும்புத் தோட்டத்தின் ஊடாகப் போகிறது. தொழிலாளர்கள் அதை மறித்தார்கள். வடக்குத் தீவு மருத்துவமனையில் மூன்று நாளைக்கு மட்டும் டீசல் இருந்தது. ஜூன் 9ஆம் தேதி அமைச்சரவை ஆணையைக் கொண்டு வந்தது. சாலையைத் திறக்கும் ஆணைதான் கேட்டேன். அதில் குடியிருப்புகளையும் சேர்த்திருந்தார்கள். கவனிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் நீ நம்புவாய், நாட்டில் பாதிப் பேர் நம்புவார்கள். அது பொய். கவனித்தேன். வரி வரியாகப் படித்தேன். "உடனடியாக" என்று இருந்ததை அடித்துவிட்டு "எழுபத்திரண்டு மணி நேர அறிவிப்புக்குப் பின்" என்று என் கையால் எழுதினேன். எழுதிவிட்டு, கண்மணி, எனக்குத் திருப்தியாக இருந்தது. சட்டத்தால் ஒரு கொடுமையை மட்டுப்படுத்திவிட்டேன் என்று நினைத்தேன். காபிகூடக் குடித்தேன்.

ராணுவம் மறுநாள் காலை ஏழு மணிக்கே உள்ளே போய்விட்டது. அறிவிப்பைக் கதவுகளில் ஒட்டியவர்களும் சுட்டவர்களும் ஒரே வண்டியில் போயிருக்கிறார்கள்.

ஒருவர் பெயர் பாவுலோ, கரும்பு வெட்டுபவர், வயது ஐம்பத்தெட்டு. இன்னொருத்தி மீரியா, ஆலைச் சமையற்காரி, வயது முப்பத்தொன்று, இரண்டு பிள்ளைகள். அவள் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

அன்று மதியமே ஆணையைத் திரும்பப் பெற்றேன். போன உயிரைத் திரும்பப் பெற எனக்கு எந்த விதியும் தெரியவில்லை. விசாரணை ஆணையம் ஒன்று அமைத்திருக்கிறேன். விசாரிக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலில் முதல் பெயர் என்னுடையது. அமைச்சர்கள் அதை அடிக்கச் சொன்னார்கள். அடிக்கவில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் போக வேண்டும் என்றேன், பாதுகாப்பு இல்லை என்று தடுத்துவிட்டார்கள். தடுத்தபோது உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம். அதே பேனா.

பள்ளி முகவரிக்கு ஏன் எழுதச் சொன்னாய்? பதினாலாம் நம்பர் என்ன ஆயிற்று?

தனேஸ்வரி

---

மே/பா பள்ளிக் கேண்டீன்
18 ஜூலை 2025

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். முட்டிதான் வீங்கியிருக்கிறது, காரணம் கீழே.

பதினாலாம் நம்பர் இல்லை. மே 27ஆம் தேதி காலை இடித்துவிட்டார்கள். எங்களுக்கும் நோட்டீஸில் நான்கு நாள் பாக்கி இருந்தது. ஜூன் கடிதத்தில் எழுதியிருக்கலாம். எழுதினால் நீங்கள் பரிதாபப்படுவீர்கள், அப்புறம் நான் உங்களைத் திட்ட முடியாமல் போய்விடும். அதனால் எழுதவில்லை.

மண் வாரும் கொக்கு இயந்திரம் ஒன்று முதல் வரிசையிலிருந்து வந்தது. நான் முன்னால் போய் நின்றேன். மேற்பார்வைக்காரன் தள்ளினான், முட்டி தரையில் அடித்துக்கொண்டது. இயந்திரம் ஓட்டியவர் சுங்கை பஞ்சாங் பக்கத்து ஜாவாக்காரர், நம் வயதுதான் இருக்கும். என்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி என்னைத் தூக்கி உட்கார வைத்தார். நான் கூலிக்காரன் அக்கா, என்னை மன்னித்துக்கொள் என்று மலாயில் சொன்னார். மேற்பார்வைக்காரன் கத்தக் கத்த, ஒரு மணி நேரம் மேலே ஏறாமல் நின்றார். அதற்குள் சன்னாசி அண்ணன் மனைவியைக் கட்டிலோடு தூக்கி வெளியே வைத்தோம். அம்மா படத்தையும் அடுப்பையும் என் துணியையும் எடுத்தேன். அப்புறம் வேறொருவனைக் கூட்டி வந்து ஏற்றினார்கள். மாலைக்குள் ஒன்பது வீடு போய்விட்டது. நானும் தீபனும் மாதவி டீச்சருடைய ஜெராம் வீட்டில் இருக்கிறோம். மற்றவர்கள் கோயில் மண்டபத்தில்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது அந்த மனிதர் ஞாபகம்தான் வந்தது. அவர் இறங்கினார், அக்கா. ஒரு நாள் கூலிக்காரர் இறங்கினார். நீங்கள் மேலேயே உட்கார்ந்துகொண்டு, மெதுவாக இடி என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதைவிட நயமாக எழுத எனக்குத் தெரியவில்லை. உங்களைத் திட்டியது போதும் என்று மாதவி சொல்கிறாள். போதாது. ஆனால் நீங்கள் பொய் சொல்லவில்லை. கவனித்தேன் என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மிச்சத்தைப் படித்தேன்.

இங்கே ஒரு நல்லதும் நடந்தது. ரூபிணி என்று கிள்ளானில் ஒரு வழக்கறிஞர், சின்னப் பெண். பழைய கிராணியின் மகன் வீட்டில் மூலப் பத்திரத்தைத் தேடிப் பிடித்து, ஜூன் 5ஆம் தேதி தடை வாங்கிவிட்டாள். மிச்சப் பதினாலு வீட்டையும் தொடக் கூடாது, வழக்கு முடியும்வரை ஒரு கல்லையும் நகர்த்தக் கூடாது. நிலத்தோடு வாக்கும் கைமாறும் என்றுதான் வாதாடினாள். எங்கே படித்தாய் என்று கேட்டேன். உங்கள் புத்தகத்திலாம். கல்லூரியில் பாடமாம். எனக்கு வந்த எரிச்சலை என்ன சொல்ல. அந்தப் புத்தகத்தைப் பற்றி நான் சொன்னதில் பாதியை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பாதிதான்.

விமலன் வந்து பேனரை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். லெவாரா செய்தி வந்த மறுநாளே. வீடு இடிந்தபோது வராதவன், பேனரை அவிழ்க்க ஏணியோடு வந்தான். "உங்கக்கா பேரு கெட்டுப்போச்சுக்கா, கட்சிக்குச் சங்கடம்" என்றான். "எங்கக்கா தப்பு பண்ணாங்க, ஒத்துக்கிட்டாங்க. நீ எப்ப ஒத்துக்கப் போற?" என்று கேட்டேன். ஏணியை மடக்கிக்கொண்டு போனான்.

ஆணையம் என்ன சொன்னது? எழுதுங்கள்.

கண்மணி

---

பல்கலைக்கழகக் குடியிருப்பு,
லெவாரா.
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள கண்மணி,

முட்டிக்கு டாக்டரைப் பார்த்தாயா? வீங்கிய காலோடு அடுப்படியில் நிற்காதே.

வீட்டைப் பற்றி என்ன எழுதுவது? நான் உனக்குச் சட்டம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் நீ இயந்திரத்தின் முன்னால் நின்றிருக்கிறாய்.

தேர்தல் நடந்து முடிந்தது. நூற்றெண்பதாம் நாள் புது அதிபரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டு, என் பழைய வீட்டுக்குப் பெட்டியோடு வந்துவிட்டேன். இன்னும் ஆறு மாதம் இருக்கச் சொன்னார்கள். ராணுவத்தார்தான் அதிகமாக வற்புறுத்தினார்கள். என்னைக் கேடயமாக வைத்துக்கொள்ளப் பார்க்கிறார்கள் என்று அதிலிருந்தே எனக்குப் புரிந்தது. மறுத்துவிட்டேன். கைப்பேசி திரும்பக் கிடைத்துவிட்டது. இரண்டு முறை உனக்கு அடித்தேன். நீ எடுக்கவில்லை. எடுக்காததும் நல்லதுதான், குரலில் இதையெல்லாம் சொல்லியிருக்க மாட்டேன்.

ஆணையம் அக்டோபர் 6ஆம் தேதி தொடங்குகிறது. பதவி போனதால் எனக்கிருந்த சட்டப் பாதுகாப்பும் போய்விட்டது. எழுபத்திரண்டு மணி நேரம் என்ற வரியை தங்களுக்கு வந்த பிரதியில் காணோம் என்கிறார்கள் ராணுவத்தார். ஆணையை எழுதியவரே பொறுப்பு என்று என்மேல் வழக்குப் போடத் தயாராகிறார்கள். என் மூலப் பிரதி நீதிமன்றப் பெட்டகத்தில் இருக்கிறது, அதனால் அந்தப் பொய் நிற்காது. ஆனால் தெரிந்தே கையெழுத்துப் போட்டேன் என்று ஆணையத்தின் முன் சொன்னால் சிறை நிச்சயம் என்கிறார் தலைமை நீதிபதி. நல்ல மனிதர். நேற்று வந்து, கொஞ்ச காலம் தங்கையிடம் போய் இரு, வயதையும் சர்க்கரையையும் காரணம் காட்டி வாக்குமூலத்தை எழுத்தில் அனுப்பலாம், சட்டத்தில் இடம் இருக்கிறது என்றார். இடம் இருக்கிறது. அந்த விதிக்கும் நான்தான் உரை எழுதினேன்.

களைத்துவிட்டேன், கண்மணி. அறுபத்திரண்டு வயது. காலையில் எழுந்தால் மீரியா நின்ற வாசல்தான் முதலில் கண்ணுக்கு வருகிறது. நான் அந்த வாசலைப் பார்த்ததே இல்லை.

அங்கே வரட்டுமா? மாதவி டீச்சர் வீட்டில் உன் பக்கத்தில் ஒரு பாய் போட இடமிருந்தால் போதும். நீ சொன்னால் டிக்கெட் எடுக்கிறேன்.

அன்புடன்,
அக்கா

---

ஜெராம்
8 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

முட்டி வற்றிவிட்டது. நீங்கள் சாப்பிடுகிறீர்களா? எழுத்து மெலிந்திருக்கிறது.

பாய் இருக்கிறது. இடமும் இருக்கிறது. மாதவி அறையை ஒழித்தே வைத்துவிட்டாள். கடிதத்தை அவள் படித்துவிட்டு, "வரச் சொல்லுங்கக்கா, பாவம்" என்றாள். எனக்கும் முதலில் அதுதான் வாயில் வந்தது. இரண்டு நாள் அதோடு சுற்றினேன்.

வர வேண்டாம், அக்கா.

இப்போது நீங்கள் விமானம் ஏறினால் அந்த இரண்டு வீட்டுக்காரர்கள் யாரிடம் போய்க் கேட்பார்கள்? கிராணியைக் கேட்டால் மானேஜர் என்பான், மானேஜரைக் கேட்டால் கம்பெனி என்பான், கம்பெனியைக் கேட்டால் விற்றுவிட்டோம் என்பான். அப்பா வாழ்நாளெல்லாம் இப்படித்தான் அலைந்தார். ஒரே ஒரு ஆள் எதிரில் நின்று, ஆமாம் நல்லசாமி, நான்தான் செய்தேன் என்று சொல்லியிருந்தால் அவருக்குப் பாதி நோய் வந்திருக்காது. எங்களுக்கும் இன்றுவரை ஒருவன் சொல்லவில்லை. நீங்கள் ஒருத்திதான் சொல்லியிருக்கிறீர்கள், அதுவும் எனக்குக் கடிதத்தில். எனக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்களுக்குச் சொல்லுங்கள். எழுத்தில் அனுப்ப வேண்டாம். முகத்தைக் காட்டிச் சொல்லுங்கள்.

சட்டத்தில் இடம் இருக்கிறதாம். எல்லாருக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ராணுவக்காரனுக்கு இருக்கிறது, கம்பெனி வக்கீலுக்கு இருக்கிறது. அந்தக் கூட்டத்தில் போய் நீங்களும் உட்கார வேண்டாம். சிறை என்றால் சிறை. எத்தனை தரம் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். மாத்திரையை உள்ளே அனுப்பச் சட்டத்தில் இடம் இருக்கும் இல்லையா, அதற்கு நான் பொறுப்பு.

நீங்கள் வர வேண்டாம் என்றுதான் சொன்னேன். நான் வருகிறேன்.

ஷா ஆலாமில் போய்ப் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதில் முதல் பாஸ்போர்ட். வெளிர்நிறச் சட்டையில் படம் எடுக்க மாட்டோம் என்றார்கள். தீபன் தன் கறுப்புச் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பனியனோடு நின்றான். படத்தில் நான் போலீஸ்காரி மாதிரி இருக்கிறேன். கேண்டீனை மாதவியின் அக்காளிடம் ஒப்படைத்திருக்கிறேன். வழக்கு நவம்பருக்குத் தள்ளிப் போயிருக்கிறது. அதுவரை என் தேவை இங்கே இல்லை, எதிர்த்து நிற்கப் பதினாலு வீட்டு ஆட்கள் இருக்கிறார்கள்.

செப்டம்பர் 29, திங்கட்கிழமை மதியம் வந்து இறங்குகிறேன். வண்டி அனுப்பாதீர்கள், நீங்களே வாருங்கள். எனக்கு அங்கே பாஷை தெரியாது. மாளிகையும் கடலும் எனக்குக் காட்ட வேண்டாம். வடக்குத் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று விசாரித்து வையுங்கள். ஆணையம் தொடங்குவதற்குள் பாவுலோ வீட்டுக்கும் மீரியா வீட்டுக்கும் போய்விட வேண்டும். பாதுகாப்பு இல்லை என்று இனி உங்களைத் தடுக்க யாரும் இல்லை. கதவைச் சாத்தினால் வெளியே நிற்போம். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன், குறுக்கே பேச மாட்டேன். உள்ளே விட்டால் நீங்கள் அந்தக் குடும்பத்தோடு உட்காருங்கள். தாயில்லாத வீடு, சின்னப் பிள்ளைகள் இரண்டு. எனக்கு அடுப்படியில் வேலை இருக்கும்.

உங்கள் தங்கை,
கண்மணி